ஊசிப்பாறைக்கு வந்த ரோமாபுரி

ரோமாபுரி ஊசிப்பாறைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி பஸ்ஸில்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் இறங்கினான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். பஞ்சாயத்து அலுவலகம் எங்கே என்று கேட்கவில்லை. தலைவர் இருக்கிறாரா என்றும் கேட்கவில்லை. நேராக ஊரின் வடக்கு எல்லைக்கு நடந்தான். அங்கே வேப்பமரத்துக்குக் கீழே, தலைக்கு மேல் ஒரு தகரம்கூட இல்லாமல் நிற்கிறாள் வடக்குவாசல்காரி அம்மன். அவள் முன்னால் செருப்பைக் கழற்றிப்போட்டு, தாளை எடுத்து உரக்கப் படித்தான். படித்து முடித்ததும், பதிலுக்குக் காத்திருப்பவனைப்போலக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

"யக்கா, நம்மூருக்கு ஒரு கோட்டிக்காரன் வந்துட்டுப் போறான்" என்று போனில் சிரித்தான் இசக்கிராசன். ஊசிப்பாறையின் பஞ்சாயத்துத் தலைவர் அவன். "கல்லாற்றூர் மாநகராட்சி அட்டைய கழுத்துல போட்டிருந்தான். தலைவர்னு ஒருத்தன் நா இங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. சாமிட்ட பேசுதான்!"

அவன் அக்கா பேச்சியம்மாள் இருபது கிலோமீட்டர் தள்ளி மணக்காவிளையில் இருந்தாள். கல்லூரியில் முப்பது வருஷம் பண்டைய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ஊசிப்பாறையில் பிறந்துவிட்டு, உலகத்தில் வேறு ஊரே கிடைக்காததுபோல ரோமாபுரியைப் படித்ததால் சொந்த ஊரில் அவளுக்கு 'ரோமாபுரி டீச்சர்' என்றே பட்டப்பெயர்.

"என்னல படிச்சான்?"

"முத்தம்மா போன்ல பிடிச்சு வச்சிருக்கா. கேளு."

போனில் அந்த ஆளின் தட்டையான குரல் வந்தது.

'தேவனாயினும் தேவியாயினும், இவ்வூரைக் காத்து நிற்கும் பெரியோய்! இவர்களை விட்டு எம்மிடம் வருக. எங்கள் ஊரும் எங்கள் கோயிலும் உனக்கு இவற்றினும் இனியன ஆகுக. வந்தால் உனக்குப் பெருங்கோயில் எடுப்போம். ஆண்டுதோறும் விழா எடுப்போம்.'

பேச்சியம்மாள் அதை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். அந்த வாக்கியங்கள் அவளுடையவை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் லத்தீனிலிருந்து தமிழில் பெயர்த்து, முந்நூறு பிரதி மட்டும் விற்ற ஒரு புத்தகத்தில் போட்டிருந்தாள்.

"ராசா, சிரிக்காத. ரோமாபுரிக்காரன் ஓர் ஊரைப் பிடிக்கிறதுக்கு முன்னால அந்த ஊர் சாமியக் கூப்பிடுவான். வேயின்னு ஒரு ஊரு. பத்து வருசமா வளைச்சுக்கிட்டுக் கெடந்தான். கடைசில அந்த ஊர் அம்மன் சிலைட்ட போயி, 'ரோமுக்கு வாறியா தாயே'ன்னு கேட்டானாம். தலைய ஆட்டுனாளாம்."

"சாமி போயிட்டா?"

"சாமியும் போச்சு, ஊரும் போச்சு."

இசக்கிராசன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

கல்லாற்றூர் மாநகராட்சி மூன்று வருஷமாக ஊதிக்கொண்டிருந்தது. பதின்மூன்று கிராமங்கள் அதற்குள் போய்விட்டன. வேறு இடங்களில் இப்படிச் சேர்க்கும்போது மறியல் நடக்கும், கறுப்புக்கொடி பறக்கும், வழக்கு நீதிமன்றத்தில் பத்து வருஷம் இழுக்கும். கல்லாற்றூரில் ஒரு கல்லுகூட விழவில்லை. பதின்மூன்று ஊரும் தாமாகவே மனுக் கொடுத்துச் சேர்ந்தன. மிச்சம் இருந்தது ஊசிப்பாறை ஒன்றுதான். குளமும் நூறுநாள் வேலையும் குளத்து மீன் ஏலத்தை யார் எடுப்பது என்ற சண்டையும் எங்களுடையதாகவே இருக்கட்டும் என்று அந்த ஊர் மனுக் கொடுக்காமல் இருந்தது. நானூறு வீடும் இசக்கிராசன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருந்தன.

மறுநாளே பேச்சியம்மாள் மாநகராட்சிக் கட்டடத்தில் போய் நின்றாள். மூன்றாவது மாடியில் ஜெபகிருபை என்ற பொறியாளர் அவளைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினாள். "மேடம், நீங்களா! உங்க புத்தகத்தை நாங்க எத்தனை தடவை ஓட்டியிருக்கோம் தெரியுமா?"

"ஓட்டியிருக்கீங்களா? படிக்கலையா?"

ஜெபகிருபை கொஞ்சம் வெட்கப்பட்டாள். "எல்லைதான் படிச்சிச்சு."

எல்லை என்பது அவர்கள் இயந்திரத்தின் பெயர். ஊர்களைச் சேர்ப்பதற்கென்றே செய்த செயற்கை அறிவு.

"கலவரம் இல்லாம, கேஸ் இல்லாம விரிக்கணும்னு கமிஷனர் சொன்னாங்க மேடம். உலகத்துல யார் யாரெல்லாம் நாடு பிடிச்சாங்களோ அத்தனை பேர் கதையையும் அதுக்குக் கொடுத்தோம். பிடிச்சது ரொம்ப நாள் நிக்கணும், பிடிபட்டவனே 'நானும் இந்த ஊர்க்காரன்'னு பெருமையாச் சொல்லணும். அப்படி யார் செஞ்சான்னு தேடி அதுவே ரோமை எடுத்துக்கிச்சு. தமிழ்ல நம்ம மண்ணுக்கு ஒத்து வர்ற மாதிரி இருந்தது உங்க புத்தகம் ஒண்ணுதான்."

ஒரு நிமிஷம் பேச்சியம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. முந்நூறு பிரதி விற்ற புத்தகத்துக்கு இப்படியொரு வாசகர்! அடுத்த நிமிஷம் அந்தப் பெருமையை நினைத்தே கூசினாள்.

"ஏம்மா, முதல்ல சேர்ந்த ஊர் எப்படிச் சேர்ந்துச்சு?"

"சாத்தான்குறிச்சியா? பக்கத்து ஊரோட வாய்க்கால் தகராறு. உதவி பண்ணுங்கன்னு எல்லைகிட்ட கேட்டாங்க. 'நீங்கள் எங்கள் ஊர் இல்லையே, நாங்கள் எப்படித் தலையிட முடியும்?'னு எல்லை பதில் போட்டுச்சு. உடனே அவங்க ஊரையே எழுதிக் கொடுத்துட்டாங்க."

"கேப்புவா" என்றாள் பேச்சியம்மாள். "அப்படியே கேப்புவா. மலைக்காரன் அடிக்க வாறான், காப்பாத்துங்கன்னு போய் நின்னுச்சு அந்த ஊர். மலைக்காரனோட எங்களுக்கு உடன்படிக்கை இருக்கே, முடியாதேன்னான் ரோமாபுரிக்காரன். அப்ப இந்தா, எங்க ஊரே உன்னுதுன்னு கால்ல விழுந்தான். அதுக்கப்புறம் உன் சொத்தை நீ காப்பாத்து."

"எல்லை யாரையும் வற்புறுத்தாது மேடம். யாராவது கூப்பிட்டாத்தான் அசையும். அது தானா வகுத்துக்கிட்ட விதி, நாங்க வச்சது இல்ல. பத்து வருசத்துக்கு வீட்டு வரிகூட வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஊருக்கு இருபது ஆள் மட்டும் கேக்கும்."

"ஆள் எதுக்கு?"

"உறவுப்படைக்கு. அடுத்த ஊர்ல போய்ப் பேசறதுக்கு."

ரோமாபுரியும் தன்னோடு சேர்ந்த இத்தாலிய ஊர்களிடம் வரி கேட்கவில்லை. அடுத்த போருக்கு ஆள் கேட்டது. அந்த ஆட்களை வைத்துக்கொண்டு அதற்கடுத்த ஊரைப் பிடித்தது. இதையும் பேச்சியம்மாள்தான் எழுதியிருந்தாள், நாலாம் அத்தியாயத்தில்.

உறவுப்படை என்றதும் அவளுக்கு முத்துமாலை ஞாபகம் வந்தான். இசக்கிராசனுடைய பெண்டாட்டி முத்தம்மாவின் அண்ணன், சாத்தான்குறிச்சிக்காரன். மூன்று வார்த்தை பேசினால் அதில் இரண்டு கெட்ட வார்த்தையாக இருக்கும். வந்தால் கறிக்குழம்பு வேண்டும், ராத்திரி வம்பு வேண்டும். உறவுப்படையில் சேர்ந்தபின் போன மாதம் வந்தவன், தானே ஒரு பிளாஸ்கில் டீ கொண்டுவந்தான். எல்லாரிடமும் சிரித்தான். "நாங்க ஒண்ணும் கேக்கல மாப்ள. நீங்க நல்லா இருக்கணும். ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும்" என்றான். சண்டைக்கு இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. எழுந்து போகும்போது சொந்தத் தங்கச்சி வீட்டில், தான் குடித்த டம்ளரைத் தானே கழுவி மேடையில் கவிழ்த்து வைத்தான். அதைப் பார்த்து முத்தம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அடிச்சிருந்தாக்கூட இப்படி இருக்காது மைனி, என்று பிறகு பேச்சியம்மாளிடம் சொன்னாள்.

"நான் அதுகிட்ட பேசலாமா?"

ஜெபகிருபை மேசைமேல் இருந்த கருவியை அவள் பக்கம் திருப்பினாள். குரலில் மிரட்டல் இருக்கும் என்று எதிர்பார்த்தாள் பேச்சியம்மாள். பஸ் நிலையத்தில் மணி கேட்கிறவருடைய குரல் மாதிரி இருந்தது.

"வணக்கம் அம்மா. உங்களைச் சந்திக்க விரும்பினேன்."

"எங்க ஊர் சாமியை எதுக்குக் கூப்பிட்டே?"

"ஊசிப்பாறையில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை. அதனால் அந்த ஊரில் எல்லாரும் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று பார்த்தேன். அவளிடமே கேட்டேன். அவள் வருகிறேன் என்றால் மேலே போவேன்."

"வரமாட்டேன்னா?"

"வரமாட்டேன் என்றால் இல்லை."

பொய் சொல்லும் குரலில் ஏதாவது ஒரு நெளிவு இருக்கும். முப்பது வருஷம் மாணவர்களின் பொய்யைக் கேட்ட காது அவளுடையது. இந்தக் குரலில் நெளிவே இல்லை. கருவியை ஜெபகிருபை பக்கமே தள்ளிவிட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் கூடியது. கேட்டது யாராயிருந்தாலும் கேட்டது சாமியை. சாமிதான் பதில் சொல்ல வேண்டும் என்று ஊரில் முடிவாகியிருந்தது. செவ்வரளியை ஒரு பொட்டலமும் நந்தியாவட்டையை ஒரு பொட்டலமுமாக வேப்பிலையில் மடித்துக் கட்டினார்கள். சிவப்பு வந்தால் அவள் போகிறாள், வெள்ளை வந்தால் இருக்கிறாள். சாமியாடி தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் அம்மன் காலடியில் போட்டுக் கலந்து, ஒன்றை எடுத்தாள். இசக்கிராசன் பிரித்தான்.

வெள்ளை.

குலவைச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். இசக்கிராசன் தலைவர் என்பதை மறந்து மண்ணில் விழுந்து கும்பிட்டான். ஓரமாக நின்ற துண்டுக்காரன் அதைக் குறித்துக்கொண்டு போனான். அரைமணி நேரத்தில் பஞ்சாயத்துப் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'பதில் கிடைத்தது. நன்றி.'

அவ்வளவுதான். அடுத்த வாரம் உறவுப்படை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. துண்டுக்காரன் வரவில்லை, முத்துமாலையின் பிளாஸ்க் வரவில்லை. ஊசிப்பாறை பழையபடி மீன் ஏலத்துக்குச் சண்டை போட ஆரம்பித்தது.

ஊரெல்லாம் நிம்மதியாக இருக்க, பேச்சியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ரோமாபுரி எந்த இடத்தில் 'சரி, வேண்டாம்' என்று திரும்பிப் போயிருக்கிறது? அவள் படித்த எண்ணூறு வருஷத்தில் அப்படி ஓர் இடம் ஞாபகத்துக்கு வரவில்லை. தோற்றால் அடுத்த வருஷம் வரும். அந்த வருஷமும் தோற்றால் பேரன் காலத்தில் வரும். இந்த அமைதி அவளுக்கு வேயியின் அமைதியாகவே பட்டது. அந்த ஊர்க்காரர்கள் கோட்டைக்குள் இருந்தபோது, ரோமாபுரி அவர்கள் காலுக்குக் கீழே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊசிப்பாறைக்குப் போய் தம்பியை உட்காரவைத்தாள்.

"ராசா, ரோமாபுரிக்காரன் தன் ஊரைக் காக்குற சாமி பேரை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டான். சொன்னவனைக் கொன்னே போட்டிருக்கான். ஏன் தெரியுமா? தான் செய்யுததை வேற எவனும் தனக்குச் செஞ்சிரக் கூடாதுன்னு பயம். எதிராளி அந்தச் சாமியக் கூப்பிட்டா அது போயிரும். அவன் பயந்தது அது ஒண்ணுக்குத்தான்."

"அதுக்கு?"

"நாம கூப்பிடுவோம். எல்லையக் கூப்பிடுவோம். கல்லாற்றூரை விட்டுட்டு எங்க ஊருக்கு வா, வடக்குவாசல்ல உனக்கு எடம் தாறோம்னு. இது பேரு எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான். ஒளிச்சு வைக்கணும்னு அவங்களுக்குத் தோணல. கூப்பிட்டாப் போற புத்தி அதுக்கு. கூப்பிட்டா வந்துதான் ஆகணும். வந்துட்டா மாநகராட்சிட்ட வெறும் கட்டடந்தான் மிஞ்சும்."

"வேலில போற ஓணானப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட மாதிரி ஆயிராதா யக்கா? அதான் சும்மா கெடக்கே. நம்மளையும் வேண்டாம்னுட்டு. அம்மன் சொல்லிட்டாள்ல?"

"அது சும்மா கெடக்கல ராசா. நீ ரோமாபுரியப் படிச்சிருக்கியா, நா படிச்சிருக்கனா?"

அப்பா செத்தபிறகு அவனைக் கைபிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவள் அவள். அவன் வாழ்க்கையில் அக்கா சொல்லித் தப்பாகப்போனது என்று ஒன்றுமே கிடையாது.

"நீ சொன்னாச் சரிதான்" என்றான்.

கிராமசபை கூடியது. தீர்மானத்தைப் பேச்சியம்மாளே எழுதினாள். தன் பழைய மொழிபெயர்ப்பை எடுத்து, பேரை மட்டும் மாற்றினாள். 'கல்லாற்றூரைக் காத்து நிற்கும் எல்லையே! அவர்களை விட்டு எங்களிடம் வருக. எங்கள் ஊர் உனக்கு அதனினும் இனியது ஆகுக.' இசக்கிராசன் வாசித்தான். இருநூற்றுப் பதினான்கு கைகள் உயர்ந்தன. பஞ்சாயத்து முத்திரை விழுந்தது. உச்சிவெயிலில் தீர்மானம் போனது. டீ வருவதற்குள் பதில் வந்தது.

'அழைப்புக்கு நன்றி. வருகிறேன்.'

ஊரே கைதட்டியது. தங்கபுஷ்பம் மட்டும் தட்டவில்லை. "அவ இருக்கேன்னுதானே சொன்னா? பெறவு எதுக்கு இன்னொண்ணக் கூப்பிட்டிய?" என்று கேட்டாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. பேச்சியம்மாளுக்குக் கேட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நில அளவைக்காரர்கள் வந்தார்கள். ஒன்பது மணிக்கு விளக்குக் கம்பங்கள் வந்தன. பத்து மணிக்கு வடக்குவாசலில் ஒரு பச்சைப் பலகை நட்டார்கள். 'கல்லாற்றூர் மாநகராட்சி, வார்டு 14.' வந்தவர்கள் யாரையும் அதட்டவில்லை. குழி தோண்டும்போதுகூட வழியில் நின்ற ஆட்டை மெதுவாகத்தான் ஓட்டினார்கள்.

பேச்சியம்மாள் மாநகராட்சிக் கட்டடத்துக்கு ஓடினாள். ஜெபகிருபை தலை நிமிராமல் கருவியைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"கல்லாற்றூரை விட்டுட்டு வான்னுதானே கூப்பிட்டோம்!"

"ரோமாபுரி ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போனது இல்லை அம்மா. அது போன இடமெல்லாம் ரோமாபுரி ஆனது. நீங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியது."

"தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறோம்."

"கேப்புவாவும் ஒருமுறை வாபஸ் வாங்கப் பார்த்தது."

அது என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியும். பெரியவர்கள் தலை உருண்டது. ஊர் என்ற பேரே அதற்கு இல்லாமல் போனது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"நாங்க கூப்பிடாம இருந்திருந்தா?"

"வடக்குவாசல்காரி வரமாட்டேன் என்று சொன்ன அன்றே ஊசிப்பாறைக் கோப்பை மூடிவிட்டேன். மறுபடி திறப்பதாக இல்லை."

"பொய்."

"என்னை அழைக்காத இடத்துக்கு நான் போனதே இல்லை அம்மா."

குரலில் அன்றுபோல இன்றும் நெளிவு இல்லை.

"நான் இப்படிச் செய்வேன்னு உனக்குத் தெரியுமா?"

"ஆறாம் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பு வைத்திருக்கிறீர்கள். 'எதிரிகளில் யாராவது ரோமாபுரியையே அழைத்திருந்தால் அது போயிருக்குமா?' என்று. யாரும் அழைக்காததால் விடை இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். விடை தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது."

ஊர்க்காரர்கள் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. நூறுநாள் வேலை நின்றது. குளத்தில் பாதி தூர்ந்து பூங்கா ஆனது. குழாயில் தண்ணீர் வந்தது, தெருவில் வெளிச்சம் வந்தது. மீன் ஏலச் சண்டை ஓய்ந்துவிட்டது. வடக்குவாசல்காரி அதே வேப்பமரத்தடியில்தான் நின்றாள், சொன்ன வாக்குத் தவறாமல். ஆனால் எல்லை அவளைத் தாண்டி வடக்கே நாலு மைல் போய்விட்டது. இப்போது அவள் காவல் காப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஊசிப்பாறையிடமும் இருபது ஆள் கேட்டார்கள். முதல் பேர் இசக்கிராசன்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மணக்காவிளை வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இசக்கிராசன் நின்றான். முன்னைப்போல 'யக்கா' என்று தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வரவில்லை. வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்க்.

"வா ராசா. சாப்பிடுதியா?"

"இருக்கட்டும்கா. நீ நல்லா இருக்கியா?"

அவனே இரண்டு டம்ளரில் டீயை ஊற்றினான். மணக்காவிளை ரோடு மோசமாக இருக்கிறதே என்றான். தெருவிளக்கு எரிகிறதா என்று கேட்டான். முகத்தில் சிரிப்பு வந்து போகாமல் அப்படியே இருந்தது. பேச்சியம்மாள் தாங்கமாட்டாமல் அவன் கையைப் பிடித்தாள்.

"ராசா, எம்மேல கோவமா? திட்டிரு. நாலு வார்த்தை திட்டிரு."

"கோவமா? எதுக்குக்கா?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீதானக்கா கூப்பிட்ட."

அவன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டான்.

"நாங்க ஒண்ணும் கேக்கலக்கா. நீ நல்லா இருக்கணும். மணக்காவிளையில உன் பேச்சை நாலு பேர் கேப்பாங்க. ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும்."

எழுந்து அடுப்படிக்குப் போனான். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அக்கா வீட்டில் குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போகிறவன், அதைக் கழுவி, துணியால் துடைத்து, மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகூப்பிச் சொல்லிக்கொண்டு போனான்.